பரணிலிருந்து இறங்கிய செட்டியார்

நவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் வீட்டில் கொலுப்படிச் சண்டை. அம்மாவுக்கு ஒன்பது படி வேண்டும். வைத்தால் கூடத்தில் மனிதர்கள் நடக்க முடியாது. ஒற்றைப்படையாக இருந்தால் போதுமே என்று ஏழில் பேரம் நிற்கிறது.

இதற்கிடையில் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினோம். கிழிந்த வேட்டித் துணிக்குள் பாட்டியின் மரப்பாச்சி ஜோடி. செம்மரம் நன்றாகக் கறுத்துவிட்டது. ராஜாவின் தலையில் மட்டும் வரிசையாகப் பல் தடம்! தம்பி கடித்தது என்கிறார் அம்மா. அக்கா கடித்தது என்று போனில் சாதிக்கிறார் மாமா. வழக்கு நிலுவையில் உள்ளது.

பண்ருட்டிக் காகிதக்கூழ்ச் செட்டியாருக்குத் தொப்பை லேசாக உரிந்திருக்கிறது. கடைச் சாமான்களில் தராசைக் காணவில்லை. குண்டூசி டப்பா மூடியில் புதிதாகச் செய்து தருவதாக மகள் பொறுப்பேற்றிருக்கிறாள்.

சுண்டல் பட்டியல் பாக்கி. முதல் நாளே கொண்டைக்கடலை வேண்டாம் என்பது என் கட்சி.