வேளச்சேரி மாடியில் ஏழு புகையிலைச் செடிகள்

2024 செப்டம்பர் 29, ஞாயிறு

வேதாரண்யத்திலிருந்து பெரியப்பா மகன் அனுப்பிய பொட்டலம் நேற்று வந்தது. பிரித்தால் காபித்தூள் மாதிரி இருக்கிறது. "மூச்சை அடக்கிக்கிட்டுப் பாரும்மா, ஊதினா பறந்துடும்" என்றார் அப்பா. ஒரு கிராமில் 10,000 விதைக்கு மேல் இருக்கும். எங்களுக்கு வேண்டியது ஏழே செடி.

2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகு சென்னைக்கு எங்களோடு வந்தவர் அப்பா. அதற்கு முன் நாற்பது வருடம் புகையிலை போட்டவர், மென்றவரும்கூட. 2011இல் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு வந்தது. இது புற்றாக மாறலாம் என்று டாக்டர் சொன்ன அன்று டப்பாவைத் தூக்கிப் போட்டார். ஆகவே இந்த இலை யார் வாய்க்கும் போகாது என்று முதலிலேயே பேசி முடிவு செய்துவிட்டோம். எனக்கு வேண்டியது பாடம் பண்ணும் வித்தை, அதாவது பறித்த இலையைப் பக்குவப்படுத்துவது. சின்ன வயதில் புகையிலைப் பந்தலடியில் விளையாடினேனே தவிர, ஒரு நாளும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவருக்கு இப்போது 74 வயது.

விதையைச் சலித்த மணலோடு கலந்து தட்டில் தூவினோம். மேலே மண் போட்டு மூடக் கூடாதாம். இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். பூவாளித் தண்ணீர்கூட வேகம் என்று கையால் தெளித்தார்.

அக்டோபர் 8, செவ்வாய்

முளைத்துவிட்டது. ஒன்பது நாள். பச்சை ஊசிமுனைகள், கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தால்தான் தெரிகிறது. எண்ண முயன்று 200இல் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. எங்கள் பகுதிக்காரர்கள் முந்தைய மழைகளில் பட்ட பாட்டை நினைத்துக் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். எனக்கு நாற்றுத் தட்டு ஞாபகம் வருவதற்குள் பாதி கரைந்துவிட்டது. மிச்சத்தைச் சமையலறை ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறேன். அப்பா பதறவே இல்லை. ஊரில் நாற்றங்காலை மேட்டுப்பாத்தியாக, ஒரு சாண் உயரத்துக்குக் கட்டுவார்களாம். ஈரம் தேங்கினால் நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும்.

நவம்பர் 30, சனி

இன்று ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். நாற்றுகள் கூடத்தில், துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே. அழுகியது போக இருபத்திரண்டு தேறியிருக்கின்றன, நாலு விரல் உயரம். வெளிச்சம் போதாமல் கொஞ்சம் வெளிறியிருக்கின்றன.

டிசம்பர் 8, ஞாயிறு

ஏழு நாற்றுகளைப் பெரிய பைகளுக்கு மாற்றினோம். செம்மண், மணல், மக்கிய சாணி எரு. தண்ணீரில்தான் எனக்குப் பயம். எங்கள் போர் தண்ணீர் உப்பு கரிக்கும். அப்பா நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க ஊருத் தண்ணிக்கு இது தேவலை" என்றார். பிறகு படித்ததில் புரிந்தது. உப்பிலுள்ள குளோரைடு இலையில் ஏறினால் அது சரியாக எரியாது, அதனால் சிகரெட்டுக்கான இலைக்கு உப்பு நீர் ஆகாது. மெல்லும் புகையிலையை யாரும் பற்ற வைப்பதில்லை. கடலோர வேதாரண்யத்தில் அந்தப் பயிர் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

தக்காளித் தொட்டிகளை மாடியின் மறுகோடிக்கு நகர்த்தினேன். புகையிலையும் தக்காளியும் மிளகாயும் ஒரே குடும்பம். தேமல் நோய் வந்தால் கை வழியாகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். உலகில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட வைரஸே புகையிலைத் தேமல் வைரஸ்தான். அப்பாவுக்கு வைரஸ் கதை புதிது. ஆனால் வெற்றிலை புகையிலை போட்ட கையோடு யாரையும் நாற்றங்காலுக்குள் விடமாட்டார் என் தாத்தா என்றார்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

இலைகள் முறம் போல விரிகின்றன. தொட்டால் விரல் பிசுபிசுக்கிறது. இலை மேல் இருக்கும் ரோமங்களிலிருந்து கசியும் பிசின் அது. மூன்றாவது செடியில் ஒரே இரவில் இரண்டு இலை சல்லடை. வெட்டுப்புழு. பகலில் மண்ணுக்குள் பதுங்கி, இரவில் மேய்கிறது. டார்ச் அடித்து ஒன்பது பிடித்தேன். புகையிலை நஞ்சு பூச்சிகளைக் கொல்லும் என்பார்கள், இந்தப் புழு அதையே தின்று கொழுக்கிறது. வயலில் வரப்போரம் ஆமணக்கு போடுவார்கள். தாய்ப்பூச்சி அதன் இலையில் முட்டையிட வரும், முட்டைக் குவியலோடு இலையைக் கிள்ளி அழித்துவிடலாம். நாங்களும் ஒரு தொட்டியில் இரண்டு ஆமணக்கு ஊன்றியிருக்கிறோம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மொட்டு வந்துவிட்டது. இளஞ்சிவப்புப் பூ வரப்போகிற நேரத்தில் அப்பா கிள்ளச் சொன்னார். கை வரவில்லை. "பூவுக்குப் போற சத்து இலைக்கு வரணும். இல்லாட்டி காகிதம் மாதிரி இலைதான் கிடைக்கும்." ஆறு செடியில் நுனியைக் கிள்ளினேன். ஏழாவதை விதைக்கு விட்டு, மொட்டின் மேல் மல்துணிப் பை கட்டியிருக்கிறோம்.

நிகோடின் இலையில் உண்டாவதில்லை, வேரில் உண்டாகி இலைக்கு ஏறுகிறது. நுனியைக் கிள்ளியதும் வேர் இன்னும் அதிகமாகச் சுரக்கும். கிள்ளிய இடத்துக்குக் கீழே கணுவுக்குக் கணு பக்கக் கொழுந்து வரும், வாராவாரம் அதையும் ஒடிக்க வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

விடுமுறை. விடியற்காலையில் பனி ஈரத்தோடு இருந்த இலைகளுக்குள் கையை விட்டு ஒரு மணி நேரம் கொழுந்து ஒடித்தேன். எட்டு மணிக்குத் தலை சுற்றல், குமட்டல், வாந்தி. கோயிலுக்குப் போகவில்லை. ஈர இலையிலிருந்து நிகோடின் தோல் வழியாக உடம்புக்குள் போய்விடுகிறது, புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய நோய். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அறுவடை நாளில் ஊர்ப் பெண்கள் வாந்தி எடுத்ததை வெயில் மயக்கம் என்றே நினைத்திருந்தாராம். அதை இரண்டு முறை சொன்னார். இனி ஈரம் காய்ந்த பிறகுதான், கையுறையோடுதான். பையனுக்கு அந்தப் பக்கமே போகத் தடை.

மார்ச் 2, ஞாயிறு

அப்பா தூங்கும் நேரத்தில் ஒரு தப்பு செய்தேன். அடியிலைகள் மஞ்சளாக ஆரம்பித்திருந்தன. பன்னிரண்டைப் பறித்து, வற்றல் காயப்போடும் துணியில் வெள்ளியன்று விரித்தேன். இன்று காலை எடுத்தால் மொறுமொறுவென்று, பச்சை நிறம் அப்படியே. முகர்ந்தால் வைக்கோல் வாடை.

"காய வெச்சிருக்கே. பாடம் பண்ணலை" என்றார் அப்பா. அப்புறம் விளக்கினார். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் மொத்த வித்தையும் இதில்தான் இருக்கிறது. பறித்த பிறகும் இலை சில நாள் உயிரோடுதான் இருக்கும். வேரிலிருந்து எதுவும் வராததால் தன்னிடமிருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அதைச் செலவழித்து மூச்சு விடும். அந்த நாட்களில்தான் பச்சையம் சிதைந்து மஞ்சள் ஏறும். பிறகு மெல்ல மெல்லப் பழுப்பு. இதற்கெல்லாம் இலைக்குள் ஈரம் இருந்தாக வேண்டும். மார்ச் வெயிலில் போட்டால் ஒரே நாளில் இலை செத்துவிடும். செத்த நிமிடத்தில் என்ன நிறமோ, அதுதான் கடைசி வரைக்கும். "பச்சை நின்னு போச்சுன்னா பிரம்மா வந்தாலும் மாத்த முடியாது." பன்னிரண்டு இலையும் செடிகளுக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லிக் கஷாயத்துக்குப் போகும்.

மார்ச் 16, ஞாயிறு

நட்டு 98 நாள். இலை தடித்து, மேற்பரப்பு தவளைத் தோல் மாதிரி மேடு பள்ளமாகிவிட்டது. மடித்தால் படக்கென்று ஒடிகிறது. வெட்டலாம் என்றார். ஒற்றை ஒற்றையாகப் பறிக்காமல் செடியை அடியோடு வெட்டினோம், தண்டிலிருக்கும் ஈரம் இலையைச் சீக்கிரம் காயவிடாது. மாலை வரை நிழலில் வாடவிட்டு, மாடிப்படி முடியும் சின்ன அறையில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டோம். செடிக்குச் செடி ஒரு முழம் இடைவெளி. சுவரில் ஈரப்பதம் காட்டும் சின்னக் கடிகாரம் ஒன்று மாட்டியிருக்கிறேன். 65க்கும் 75க்கும் நடுவில் இருந்தால் நல்லது.

மார்ச் 27, வியாழன்

மஞ்சள்! விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கி ஏறுகிறது. கதவைத் திறந்தால் வெந்தயக்கீரை வாடை. மதியம் ஈரப்பதம் 50க்கு இறங்குகிறது, கோணிச் சாக்கை நனைத்துக் கீழே போடுகிறோம். மூன்று மணிக்குக் கடற்காற்று வந்ததும் தானாக ஏறுகிறது. இந்த நகரத்தின் கசகசப்பை இவ்வளவு ஆசையாக எதிர்பார்த்தது இதுவே முதல் முறை.

ஏப்ரல் 9, புதன்

அவசரத்தில் சாக்கை அதிகம் நனைத்துவிட்டேன் போல. இரண்டாவது செடியின் தண்டோரம் வெள்ளைப் பூசணம். அந்த நாலு இலையை எடுத்து அப்புறப்படுத்தி, நாள் முழுக்க மின்விசிறி ஓடவிட்டோம். மற்றவை பழுப்புக்கு மாறிவிட்டன. அப்பா ஒரு நாளைக்கு மூன்று முறை படியேறுகிறார். முட்டிவலி என்று இரண்டு வருடமாக மாடிப் பக்கம் வராதவர்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். நடுநரம்பை ஒடித்துப் பார்த்தோம், குச்சி போலச் சத்தம் வந்தது. உள்ளே ஈரமில்லை. ஆனால் பகலில் இலையைத் தொட்டால் நொறுங்கிவிடும். அதற்குத்தான் பதம் பார்ப்பது. நேற்றிரவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, விடியற்காலை நாலரைக்கு எழுப்பினார். ராத்திரி ஈரத்தைக் குடித்து இலை பழைய பருத்திப் புடவை மாதிரித் துவண்டு கிடந்தது. "பனிப் பதம்" என்றார். அவர் ஒரு இலையை உள்ளங்கையில் சுருட்டி விட்டார், அது சத்தமில்லாமல் மெதுவாக விரிந்தது. நான் சுருட்டியதும் அப்படியே விரிந்தது. இதைச் சொல்லித் தர முடியாது, கையில் வாங்கிக்கொள்ளத்தான் முடியும். ஆறரைக்குள் எல்லா இலையையும் தண்டிலிருந்து உருவிவிட்டோம். எடை 430 கிராம்.

மே 5, திங்கள்

ஊரில் அடுத்த வேலை அம்பாரம் போடுவது. ஆள் உயரத்துக்கு அடுக்கினால் உள்ளே தானாகச் சூடேறும், சில நாளுக்கொரு முறை கலைத்து மேலது கீழாக மாற்றி அடுக்குவார்கள். காரம் தணிந்து மணம் வருவது அங்கேதான். அரைக் கிலோவுக்கும் குறைவான இலையில் சூடு எங்கே ஏறும்? வெல்லத் தண்ணீர் லேசாகத் தெளித்து, வாழைச் சருகில் இறுக்கிச் சுற்றி, நாரால் கட்டி, மாடி அறையில் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லுக்கு அடியில் வைத்தோம்.

மே 21, புதன்

இன்றோடு நாலு முறை பிரித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஓரம் காய்கிறது. அப்பா இன்று கோபப்பட்டார். பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு என்று ஒரு பழமொழி உண்டே, அதன் முதல் பாதியை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. என் அம்மா ஊரே கேட்கச் சிரிப்பார். இரண்டாம் பாதி மட்டும் தொழில் தெரிந்தவன் சொன்னது. பிரித்தால் ஈரமும் மணமும் சேர்ந்தே போகும். கல்லைத் திரும்ப ஏற்றி வைத்தாயிற்று. ஜூன் கடைசி வரை தொடமாட்டேன்.

இதற்கிடையில் தண்டு, நரம்பு, வீணான இலைகள் எல்லாம் சேர்த்து 250 கிராமை இரண்டேகால் லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து வடித்து, 60 கிராம் சோப்பைக் கரைத்து, ஏழு பங்கு தண்ணீர் விட்டுச் செம்பருத்தியில் தெளித்தேன். மாவுப்பூச்சி பெருமளவு உதிர்ந்துவிட்டது. கையுறையோடும் முகத்தில் துணி கட்டியும் தெளித்தேன். தேனீ வரும் பூச்செடிகளை விட்டுவிட்டேன், தக்காளி பக்கம் போகவே இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

கல்லை நகர்த்தி, ஒரு ஓரத்தை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தோம். கரும்பழுப்பு. வைக்கோல் வாடை போய், உலர்ந்த திராட்சையும் பழைய மரப்பெட்டியும் கலந்த மாதிரி ஒரு மணம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். அவர் நாக்கு கன்னத்தின் உட்புறத்தை, அந்தப் பழைய இடத்தைத் தொட்டதை நான் பார்த்தேன்.

"நம்ம இலைதான்" என்றார். உடனே நாரை எடுத்து, என்னைவிட வேகமாக இறுக்கிக் கட்டிவிட்டுக் கை கழுவப் போனார். பொட்டலத்தைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

ஏழாவது செடியின் காய்கள் ஏப்ரலிலேயே காய்ந்து, விதை ஒரு மருந்துப் பாட்டிலில் இருக்கிறது. இந்த முறை மேட்டுப்பாத்தி மாதிரி உயரமான தட்டு வேண்டும், மழை மறைப்பும் வேண்டும். செப்டம்பர் கடைசி ஞாயிறு 28ஆம் தேதி வருகிறது, காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார் அப்பா.