நன்றாகத்தானே ஓடுகிறது

எங்கள் அலுவலகத்தில் இருபத்தொரு மடிக்கணினிகள், எல்லாவற்றிலும் லினக்ஸ். அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சேர்ந்த முதல் வாரமே மேலாளர் ஒரு விதி சொன்னார்: "நன்றாக ஓடுவதில் கை வைக்காதே." அதை நான் வேதவாக்காகவே வைத்திருந்தேன். ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேர், அதாவது அதற்குள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரல், என்றால் இன்னும் அதிகப் பயம். ஃபைல் கெட்டால் பேக்கப்பிலிருந்து எடுத்துவிடலாம். ஃபர்ம்வேர் எழுதும்போது பாதியில் நின்றால் எஸ்எஸ்டியே வெறும் தகடாகிவிடும்.

அந்த மார்ச் மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு அக்கா வந்தார். "தம்பி, ஃபைலைச் சேமித்தால் மெஷின் அரை நிமிடம் கல்லாக உட்கார்ந்துவிடுகிறது." ராமைச் சந்தேகித்தேன். பிறகு அவர் பிரவுசரில் திறந்து வைத்திருந்த டேப்களைக் குறை சொன்னேன். அவர் முறைத்தார். லினக்ஸின் மையமான கெர்னல் எழுதிவைக்கும் பதிவைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: எஸ்எஸ்டி பதில் சொல்லத் தாமதிக்கிறது என்று வரிக்கு வரி எழுதியிருந்தது. எஸ்எஸ்டியின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் மீடியா பிழைகள், அதாவது தரவைச் சரியாகப் படிக்க முடியாமல் போனவை, 212. இரண்டு நாள் கழித்து 219. தயாரிப்பாளரின் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் இருந்தது. என்ன சரிசெய்தார்கள் என்பதற்கு ஒரே வரி: நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது. இவ்வளவு கஞ்சத்தனமாக எழுத ஒரு தனித் திறமை வேண்டும்.

மேலாளரின் விதி எனக்கு அன்றுதான் ஆட்டம் கண்டது. 2012இல் குரூஷியல் எம்4 எஸ்எஸ்டிகளுக்கு வந்த ஃபர்ம்வேர் திருத்தத்தைப் பற்றி முன்பே படித்திருந்தேன். 5,184 மணி நேரம் ஓடி முடித்ததும் அவை உறைந்துபோகும்; மறுபடி இயக்கினால், ஒரு மணி நேரத்தில் மீண்டும் உறையும். 2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கார்ட் எண்டர்பிரைஸ் விடுத்த எச்சரிக்கை இன்னும் கொடியது. சர்வர்களுக்கான அதன் சில எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரத்தில், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், தரவோடு சேர்ந்து செத்துவிடும். இரண்டின் பதினைந்தாம் அடுக்கு அந்த எண்; நிரலில் சிறிய எண்ணிகள் நிரம்பி வழியும் இடம். பார்த்ததுமே நிரலாளனுக்குச் சிரிப்பும் வரும், வயிறும் கலங்கும். ஒரே நாளில் பொருத்திய எஸ்எஸ்டிகள் ஒரே நேரத்தில் சாகும் என்பதால் ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும்படி பலவற்றைச் சேர்த்து வைக்கும் ரெய்டு அமைப்புகூடக் காப்பாற்றாது. கடைசி மணி வரை அவை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

லினக்ஸில் ஃபர்ம்வேர் புதுப்பிக்க இப்போது நல்ல வழி உண்டு. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் ரிச்சர்ட் ஹியூஸ் தொடங்கிய எஃப்டபிள்யூஅப்டி என்ற நிரல், தயாரிப்பாளர்கள் ஏற்றிவைக்கும் ஃபர்ம்வேரைத் தானே இறக்கி, கையொப்பம் சரிபார்த்து எழுதிவிடும். பேட்டரி குறைவாக இருந்தால் எழுத மறுத்துவிடும். ஆனால் தயாரிப்பாளர் அங்கே ஏற்றினால்தானே? அக்காவின் எஸ்எஸ்டியைத் தேடினேன். அதற்கு ஒன்றும் இல்லை. பழைய சாட்டா வகை எஸ்எஸ்டிகளுக்கு எச்டிபார்ம் என்ற கட்டளை இருக்கிறது; அக்காவுடையது புதிய என்விஎம்இ வகை. அதில் ஃபர்ம்வேர் எழுத வேண்டுமென்றால், 'நான் செய்வது எனக்குத் தெரியும்', 'தயவுசெய்து என் டிரைவை அழித்துவிடு' என்று பொருள்படும் இரண்டு சொற்றொடர்களை நம் கையாலேயே தட்டச்ச வேண்டும். எழுதியவர் அனுபவப்பட்டவர்.

மிஞ்சியது தயாரிப்பாளர் கொடுத்த ஐஎஸ்ஓ கோப்பு; கணினியை அதிலிருந்தே தொடங்கலாம். பென்டிரைவில் ஏற்றினேன். கையொப்பமில்லாத எதையும் தொடங்கவிடாத செக்யூர் பூட் தடுத்தது, அதை அணைத்தேன். உள்ளே ஒரு குட்டி லினக்ஸ் எழுந்து, 'புதுப்பிக்கவா? ஆம் / இல்லை' என்று கேட்டது. விசைப்பலகை வேலை செய்யவில்லை. வெளியிலிருந்து இன்னொன்றைச் செருகினேன், அதுவும் இல்லை. கேள்வி கேட்பவனுக்குக் காதே இல்லை. கடைசியில் பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸ் ஒன்றில் அந்த ஐஎஸ்ஓவைத் திறந்து, அந்தக் குட்டி லினக்ஸின் கோப்புகள் அடங்கிய பொதியைப் பிரித்து, புதுப்பிக்கும் நிரலை மட்டும் வெளியே எடுத்தேன்.

ஓட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்த்தேன். என்விஎம்இ தரத்தில் ஃபர்ம்வேருக்கு ஏழு இடங்கள் வரை ஒதுக்கலாம். பழையது ஓரிடத்தில் இருந்தால் திரும்பிப் போக வழி உண்டு. இந்த எஸ்எஸ்டியில் ஒரே ஓர் இடம். அக்காவிடம் சொன்னேன். "என் வருடக் கணக்கு இதில்தான் இருக்கிறது" என்றார். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் முழுப் பிரதி எடுத்து, அதை இன்னொரு கணினியில் அவரையே திறக்கச் சொன்னேன். வருடக் கணக்கின் மொத்தத்தைக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் தலையாட்டினார். பேக்கப் எடுத்தவனே அதைச் சோதிப்பதைவிட, இழப்பவர் சோதிப்பது மேல்.

நிரல் அரை நிமிடம்கூட ஓடவில்லை. மறுதொடக்கம் செய்தால் பழைய பதிப்பு எண்ணே காட்டியது. கை வியர்த்தது. முழுதாக அணைத்து, சற்றுப் பொறுத்து மீண்டும் இயக்கினேன். புதிய எண் வந்தது. இந்த ஒரு வரியைத் தயாரிப்பாளர் எழுதியிருந்தால் எனக்கு ஒரு காபி மிச்சமாகியிருக்கும்.

பிழை எண்ணிக்கை 219லேயே நின்றது. "அப்படியானால் சரியாகவில்லையா?" என்று அக்கா கேட்டார். ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி, ஏறுமே தவிர இறங்காது என்றேன். ஏறாமல் இருக்கிறதா என்று வாரந்தோறும் அவரே வந்து கேட்டார்.

அதே எஸ்எஸ்டி உள்ள கணினிகள் இன்னும் ஏழு இருந்தன. மேலாளர், "அவைதான் நன்றாக ஓடுகின்றனவே" என்றார். ஒவ்வொரு எஸ்எஸ்டியும் ஓடிய மணிக்கணக்கையும் பிழைகளையும் நான் பட்டியலிட்டுக் கொடுத்தேன். ஒன்றில் ஏற்கெனவே பிழை 3. மூன்று சனிக்கிழமைகளில் ஆறை முடித்தேன். ஏழாவது என்னுடையது, அதற்கு இன்னும் பேக்கப் எடுக்கவில்லை.