கோத்தகிரியில் ஒரு பழைய .22: வாங்கும் முன் பார்த்தவை

இலக்குச் சுடுதலுக்கு .22 ரைஃபிள் (குழலின் விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம்) தேடுகிறவர்களுக்கு முதல் கவலை விலைதான். எனக்கும் அப்படித்தான். ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றாரே, அதுவும் இந்தச் சின்ன .22 தோட்டாவைச் சுடும் ரைஃபிள்தான். ஆனால் அந்த ரகத்தை வாங்கப் பல லட்சம் வேண்டும். நினைத்தவரெல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவும் முடியாது; அந்த அனுமதி தகுதி பெற்ற போட்டி வீரர்களுக்கே கிடைக்கும். என் போன்றவர்களுக்கு மிஞ்சுவது அரசுத் தொழிற்சாலையின் .22, அல்லது ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் பழைய துப்பாக்கி.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இரண்டாவது வழி கொஞ்சம் எளிது. தேயிலைத் தோட்டத்து பங்களாக்களில் ஒரு காலத்தில் துப்பாக்கி இல்லாத வீடு குறைவு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அவற்றில் பல பீரோவுக்குள் போய்விட்டன. நான் பார்த்தது அப்படி ஒன்று. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவருடையது. செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த புருனோ இரண்டாம் மாடல், போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் கைப்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை), ஐந்து தோட்டா மேகசின். பின்னால் வந்த சி.இசட். 452 இதன் வழியில் வந்ததுதான். “நல்லா பாத்துக்கோங்க தம்பி, அப்புறம் விலை பேசலாம்” என்று மேஜைமேல் துணி விரித்து வைத்தார்.

மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். மரத்தில் கீறல் இருந்தது, நீலப் பூச்சு அங்கங்கே வெளுத்திருந்தது. அதற்கெல்லாம் நான் மதிப்பெண் குறைக்கவில்லை. .22-ல் பார்க்க வேண்டியது பேரலின் இரண்டு முனைகள்.

பின்முனையில், சேம்பர் வாயின் விளிம்பு. .22 ஒரு ரிம்ஃபயர் தோட்டா; அதைப் பற்றவைக்கும் மருந்து (பிரைமர்) அடிவிளிம்புக்குள் இருக்கும். ஊசி அந்த விளிம்பைத்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்து விளையாடியிருந்தால், சில துப்பாக்கிகளில் ஊசி சேம்பர் விளிம்பிலேயே மோதிப் பள்ளம் போட்டுவிடும். அந்தப் பள்ளம் ஆழமானால் தோட்டா சரியாக உட்காராது, சில தோட்டா வெடிக்காது. நகத்தால் தடவிப் பார்த்தேன், டார்ச் அடித்தும் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பெரியவர் வீட்டில் பேரப்பிள்ளைகள் கையில் அது போனதே இல்லை என்று அப்போதே நம்பினேன்.

முன்முனையில், குண்டு வெளியேறும் வாய். அங்கே சின்னப் பிசிறு இருந்தாலும் குண்டு ஒரு பக்கமாகத் தள்ளப்படும். அந்தக் காலத்தில் பலர் இரும்புக் கம்பியை முன்வாயிலிருந்து விட்டுத்தான் துடைப்பார்கள். குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளங்கள் அங்கேதான் தேயும். ஒரு காதுப் பஞ்சை வாய் விளிம்பைச் சுற்றி மெல்ல இழுத்தேன். பஞ்சு எங்கும் சிக்கவில்லை. உள்ளே நடுப்பகுதியில் மட்டும் இலேசான துருப்புள்ளிகள் தெரிந்தன. பழைய தோட்டாக்களின் பிரைமர் உப்பை விட்டுச் செல்லும். நம் மலை மூடுபனியில் அந்த உப்பு சும்மா இருக்காது. பெரியவரிடம் அதைக் காட்டி விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டேன், ஒத்துக்கொண்டார்.

டிரிகர் கனம். கொக்கித் தராசை மாட்டி இழுத்தால் இரண்டு கிலோவை ஒட்டி நின்றது. போட்டி ரைஃபிளில் இது மிகக் குறைவு. ஆனால் இழுவை ஒரே சீராக, இடையில் உரசாமல் விட்டது. கனத்துக்குப் பழகிக்கொள்ளலாம், உரசும் டிரிகருக்குப் பழகுவது கடினம்.

சுட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். சுட்டுப் பழகும் ரேஞ்சு இருப்பது கோவையில். அவர் லைசென்ஸில் தமிழ்நாடு முழுவதும் செல்லும் என்று எழுதியிருந்ததால், அவரே துப்பாக்கியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, என்னோடு மேட்டுப்பாளையம் வழியாக இறங்கி வந்தார். தோட்டாக்கள் தனிப் பெட்டியில்.

மணல் மூட்டைமேல் வைத்து, 50 மீட்டரில், ஐந்து ஐந்தாகச் சுட்டோம். எங்கே படுகிறது என்பது பெரிதல்ல, அதைத் திருத்திக்கொள்ளலாம். ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதே கேள்வி. முதலில் வேகத் தோட்டா. கிளம்பும்போது நொடிக்கு ஏறத்தாழ 380 மீட்டர். ஐந்து துளைகள் ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சிதறின. அந்த வேகம் 50 மீட்டரை எட்டும்போது ஒலியின் வேகத்தை ஒட்டி இறங்குகிறது. அங்கே காற்று குண்டை உலுக்கும். அடுத்து நிதான வேகத் தோட்டா, நொடிக்கு 325 மீட்டர் அளவு. தொடக்கம் முதலே ஒலிக்குக் கீழ். ரகம் மாற்றினால் குண்டின் மெழுகு பேரலுக்குள் புதிதாகப் படிய வேண்டும் என்பதால், முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு விழுந்த ஐந்தும் இருபது மில்லிமீட்டருக்குள். சர்வதேச இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அதோடு ஒப்பிட்டால் இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் கிளப் அளவில் பயிற்சிக்கு இது தாராளம். அந்தத் துருப்புள்ளிகள் ஒன்றும் கெடுக்கவில்லை என்றும் தெரிந்தது. அதே துப்பாக்கி, அதே கை. மாறியது தோட்டா மட்டும். துப்பாக்கிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, நாலு ரகத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பார்க்க எடுத்து வையுங்கள் என்று எல்லோரிடமும் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி காகித வேலை. எனக்கு ஏற்கெனவே லைசென்ஸ் கையில் இருந்தது. இல்லாதவர்கள் ஏ-1 படிவம், பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை என்று ஊட்டி கலெக்டர் ஆபீஸிலிருந்து தொடங்க வேண்டும். இருவரும் லைசென்ஸ்காரர்களாக இருந்தாலும் கைமாற்றுவது உடனே முடியாது. விற்பவர் எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கொடுக்கலாம். அதுவரை துப்பாக்கி அவர் வீட்டில்தான். முன்பணம் கொடுப்பதாக இருந்தால் துப்பாக்கி எண்ணைக் குறிப்பிட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் பேரலில் இருப்பதும் லைசென்ஸில் இருப்பதும் ஒன்றுதானா என்று முதல் நாளே ஒத்துப் பார்ப்பது நல்லது. ஓர் இலக்கம் பிசகினாலும் ஆபீஸில் நிறுத்திவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்தபின் அதைத் தோல் உறையில் வைக்கவில்லை. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூட்டிய இரும்பு அலமாரியில் சிலிக்கா ஜெல்லோடு நிற்கிறது, தோட்டா வேறு பூட்டில். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டிக்குப் போகிறவர்கள் கிளப் உறுப்பினர் அட்டை நகலோடு விலக்குக் கேட்டு மனு கொடுக்கலாம். ஒப்படைக்கத்தான் வேண்டும் என்றால் பேரலுக்குள் எண்ணெய் விட்டுக் கொடுத்து, ரசீதில் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். திரும்ப எடுத்ததும் சுடுவதற்கு முன் அந்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.