சர்வதேச அரசியல் பேராசிரியர் வேலை: நான் வந்த வழி

மன்னார்குடி பக்கம் சம்பாவும் உளுந்தும் போடுகிற குடும்பம் எங்களுடையது. எம்.ஏ.வுக்குச் சர்வதேச உறவுகள் எடுக்கிறேன் என்றதும் சித்தப்பா, "கலெக்டர் பரீட்சைக்கா தம்பி?" என்றார். வாத்தியார் வேலைக்கு என்றேன். அதற்குக் கணக்கே எடுத்திருக்கலாமே என்று விட்டுவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நம் பக்கத்துக் கல்லூரிகளில் இந்தப் பெயரில் தனித்துறை அபூர்வம். அரசியல் அறிவியல் துறைக்குள் ஒன்றிரண்டு தாள்களாகத்தான் இருக்கும்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு நெட். அதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இரண்டு தாள், 300 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. அரசியல் அறிவியல் ஒரு பாடம். சர்வதேச உறவுகளையும் பாதுகாப்பு ஆய்வுகளையும் சேர்த்த 'பாலிடிக்ஸ்' இன்னொரு பாடம். நான் முதலாவதில் எழுதினேன். வேலை விளம்பரங்களில் அந்தப் பெயர்தான் வரும்.

ஆய்வுக்குப் பாக் நீரிணை மீனவர் பிரச்சினையை எடுத்தேன். பஸ் ஏறினால் நாகப்பட்டினம் துறைமுகம், அதுவே பெரிய சௌகரியம். 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு போனது எல்லோருக்கும் தெரியும். 1976-இல் எல்லைக்கோட்டை மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் நீட்டியதும், அப்போது பரிமாறிய கடிதங்கள்தான் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக்கூடாது என்று சொன்னதும் பலருக்குத் தெரியாது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் பிடித்த இடம் வேறு: "யாழ்ப்பாணத்து மீனவர் குரல் எங்கே?" நல்லவேளை, இழுவை மடியால் அவர்கள் வலை அறுபடுவதையும், இலங்கை 2017-இல் அந்த முறையைத் தடை செய்ததையும் ஒரு அத்தியாயமாகவே எழுதியிருந்தேன். இரண்டு கரையிலும் தமிழர்தான். அரசுகளின் சண்டை என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான்.

உண்மையான இழுபறி அதற்கப்புறம். விளம்பரத்தில் 'அரசியல் அறிவியல் அல்லது அதற்கு இணையான பட்டம்' என்றிருக்கும். இணையென்று சொல்வது யார்? ஒரு கல்லூரியில் என் பட்டச் சான்றிதழின் பெயரைப் பார்த்தவுடன், "ஈக்விவலன்ஸ் ஜி.ஓ. இருக்கா சார்?" என்று கேட்டு ஃபைலை மூடிவிட்டார்கள். உயர்கல்வித் துறை அவ்வப்போது இணைப்பட்ட அரசாணைகள் வெளியிடும். அதில் உங்கள் பல்கலைக்கழகமும் பட்டத்தின் பெயரும் அப்படியே இருக்க வேண்டும். எம்.ஏ. சேருமுன்பே இதைப் பார்த்துவிடுங்கள். நான் அரசாணை கையில் வரும்வரை சுயநிதிக் கல்லூரியில் சொற்பச் சம்பளத்துக்குத் தாள் திருத்தினேன்.

கடைசியில் கிடைத்த இடத்தின் நேர்காணலில் ஒரே கேள்விதான் நினைவில் நிற்கிறது. "டெல்டாக்காரர் நீங்க. காவிரி மாநிலங்களுக்கு இடையிலான வழக்கு. அதை சர்வதேச அரசியல் வகுப்பில் எப்படி நடத்துவீர்கள்?" 1966 ஹெல்சிங்கி விதிகளில் இருந்து ஆரம்பித்தேன். நாடுகள் பகிரும் ஆறுகளுக்கு எழுதிய 'நியாயமான பங்கு' என்ற கொள்கைதான் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் வருகிறது. அதன்படி கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நமக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. மேட்டூர் ஜூன் 12-இல் திறக்காத வருஷம் குறுவைக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். குழுவில் ஒருவர் திருவாரூர்க்காரர் போல, அப்புறம் பேச்சு விதை நெல் பக்கம் போய்விட்டது.

உதவிப் பேராசிரியருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அளவில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. முனைவர் பட்டம் இருந்தால் அடுத்த நிலைக்கு நாலு வருஷம். அதற்கான ஃபைலைத்தான் இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் வைக்க வேண்டிய ஒரு புத்தொளிப் பயிற்சிச் (ரெஃப்ரெஷர் கோர்ஸ்) சான்றிதழ் இன்னும் வரவில்லை.