கடைசிப் பொருக்கு

மார்ச் 4
ஏழு கொப்புளங்கள். நேற்று ஐந்துதான்.

மார்ச் 5
எம்பாக்ஸ், அதாவது குரங்கம்மை. எனக்கும், என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் அவனுக்கும். அவனுடைய முதல் புண்ணைச் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பியவர்கள்மேல் ஆத்திரம் அடங்கவில்லை. பார்வையால் பிரித்தறிய முடியாத புண். அன்றே குச்சியால் தேய்த்தெடுத்துச் சோதித்திருக்கலாமே!

மார்ச் 8
ஒன்பது. அடிவயிற்றில் இருப்பவை பொருக்குக் கட்டுகின்றன, பக்கத்திலேயே ஒன்று இப்போதுதான் சீழ் கோக்கிறது. நடுவில் சிறு குழி. வலிதான் தாங்கவில்லை.

மார்ச் 11
அவனைத் தனி அறையில் சேர்த்துவிட்டார்கள். கிளம்பும்முன் சட்டையைக் கழற்றினான். முதுகில் எதை எண்ணுவது? கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் கறுத்து, சதை அழுகிப் பள்ளமாகியிருக்கிறது. அதே வைரஸ். இருவருக்கும் எச்ஐவியும் உண்டு. எனக்கு ஏன் ஒன்பதோடு நின்றது? டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: என் சிடி4 (எதிர்ப்பாற்றல் செல்களின் எண்ணிக்கை) 610, எச்ஐவி கட்டுக்குள் இருக்கிறது, எச்ஐவி இல்லாதவருக்கு வருவது போலத்தான் எனக்கும் வரும். அவனுக்கு 68. 200க்குக் கீழே போனால் புண் ஆறாமல் பரவலாம், நுரையீரலையும் தொடலாம். 2023இல் வந்த ஆய்வை நானே தேடிப் படித்தேன். எச்ஐவியோடு எம்பாக்ஸும் வந்த, சிடி4 350க்குக் குறைந்த 382 பேர்; இறந்தவர்கள் 27. இறந்த அத்தனை பேருக்கும் 200க்குக் கீழே. படித்திருக்கக் கூடாது.

மார்ச் 12
அவன் மேசை இழுப்பறையில் எச்ஐவி மாத்திரை டப்பா. ஜூன் மாதத்தோடு நின்றிருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தும் நான் பார்க்கவில்லை.

மார்ச் 15
எச்ஐவி மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார்கள். எதிர்ப்பாற்றல் மீளும்போது புண்கள் முதலில் இன்னும் மோசமாகலாமாம். தள்ளிப்போடவும் கூடாதாம். தொலைபேசியில் அவன் குரல் கேட்டது. "எத்தனை உதிர்ந்தது?" என்று என்னைக் கேட்கிறான்!

மார்ச் 19
ஆறு உதிர்ந்தன. எல்லாம் உதிர்ந்து அடியில் புதுத்தோல் மூடும்வரை நான் அவனைப் பார்க்கப் போக முடியாது.

மார்ச் 20
ஜூன். ஜூன் மாதத்தில் எங்களுக்குள் என்ன நடந்தது?

மார்ச் 22
காதுக்குப் பின்னால் புதிதாக இரண்டு என்றான். முதுகு பற்றிக் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டான்.

மார்ச் 24
இன்னும் ஒன்றே ஒன்று, வலது மணிக்கட்டில். விரல் தானாக அங்கே போகிறது. பிய்க்க மாட்டேன்.

மார்ச் 26
உதிர்ந்தது. அடியில் இளஞ்சிவப்பாகத் தோல். நாளை காலை டாக்டரிடம் காட்டிவிட்டு நேரே அவன் அறைக்கு.