டர்பன் நாட்குறிப்பு: தீபாவளி பிஸ்கட்

அக்டோபர் 4, 2025, சனி

மூன்றாம் பருவம் நேற்றோடு முடிந்தது. பள்ளிக்கூடம் 13ஆம் தேதிதான் திறக்கும், தீபாவளி 20ஆம் தேதி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் இந்த சாட்ஸ்வொர்த்தில் இப்படி லீவும் பண்டிகையும் அடுத்தடுத்து வந்தால் வீட்டுக்கு வீடு ஒரே வேலைதான், பிஸ்கட். காலையில் இங்குள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கக் கிளம்பும்போதே தெருவில் வெண்ணெய் வாசம்.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுத் தீபாவளி என்றால் எண்ணெய்ச் சட்டிதான். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. ஓவன் பேக்கரிக்காரர்களுக்கு உரியது. மக்ரூன் வேண்டுமென்றால் போய் வாங்கி வருவோம், வீட்டில் யாரும் செய்ததில்லை. இங்கே முறுக்கும் பர்பியும் உண்டு என்றாலும், தட்டில் பாதிக்கு மேல் சீரக பிஸ்கட், கஸ்டர்ட் பிஸ்கட், நான்கட்டாய், செர்ரி வைத்த மெல்ட்டிங் மொமென்ட்ஸ், நடுவில் சாக்லேட் தடவிய ரோமனி கிரீம். வந்த புதிதில், இது கிறிஸ்துமஸ் பலகாரம் அல்லவா என்று நினைத்தேன். என் பெரிய மகன் கையில் பிஸ்கட் மாவை அழுத்த முள்கரண்டியைக் கொடுத்த வருஷத்திலிருந்து அந்த நினைப்பு போய்விட்டது.

சின்ன வயதில் பலகாரம் சுடும் நாளில் எங்களை அடுக்களைப் பக்கம் விடமாட்டார்கள். "எண்ணெய் காயுது, அங்கிட்டுப் போ!" இதுதான் நாங்கள் கேட்ட தீபாவளி வாழ்த்து. நியாயமும்தான், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிப் பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை? பிஸ்கட்டில் அந்தப் பயம் கிடையாது. ஓவன் கதவைத் திறந்து மூடுவது மட்டும் பெரியவர்கள் பொறுப்பு. மற்ற எல்லாவற்றிலும் பிள்ளைகள் கை வைக்கலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

சாமான் எல்லாம் வந்தாயிற்று. அரைக் கிலோ வெண்ணெய்க் கட்டிகள், கேக் மாவு (மைதாதான்), பொடிச் சர்க்கரை, உலர் தேங்காய்த் துருவல், கஸ்டர்ட் பவுடர், சீரகம். முட்டை இல்லை. புரட்டாசி இன்னும் முடியவில்லை. நாலைந்து தலைமுறையாக இங்கேயே இருந்து தமிழ் மறந்துபோன வீடுகளில்கூடப் புரட்டாசி விரதத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். மாதம் முழுக்க கவிச்சி கிடையாது, பல வீடுகளில் முட்டையும் கிடையாது. அதற்கு ஏற்றாற்போல் தீபாவளி பிஸ்கட்டும் பெரும்பாலும் முட்டை இல்லாததுதான்.

கஸ்டர்ட் பவுடரின் கதையும் இதோடு சேரும். இங்கிலாந்தில் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்பவர் 1837இல் அதைச் செய்தார். மனைவிக்கு முட்டை ஆகாது, ஆனால் கஸ்டர்ட் பிடிக்கும். சோள மாவை வைத்து முட்டையில்லாத கஸ்டர்ட் செய்துவிட்டார். ஒவ்வாமைக்காகச் செய்த பொருள் சாட்ஸ்வொர்த்தில் விரதத்துக்கு ஆகிறது.

அக்டோபர் 8, புதன்

பக்கத்து வீட்டுப் பாட்டி, எங்களுக்கு ஆயா, காலையிலேயே வந்துவிட்டார். எண்பதை நெருங்குகிறார், இடுப்பு வலி வேறு. ஆனாலும் மாவுக் கிண்ணத்தைப் பார்த்தால் உட்கார மாட்டார். அவருடைய பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள். என் பிள்ளைகளிடம் தமிழ் பேசுவதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

சீரக பிஸ்கட்டுக்கு அளவு இதுதான்: வெண்ணெய் 250 கிராம், பொடிச் சர்க்கரை அரை கப், எண்ணெய் கால் கப், மாவு இரண்டரை முதல் மூன்று கப், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், வறுத்த சீரகம் ஒரு மேசைக்கரண்டி. வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து நுரைக்கும்வரை அடிக்க வேண்டும். அப்புறம் எண்ணெய், மாவு. மாவு போட்ட பிறகுதான் ஆயா காவலுக்கு நின்றார்.

"பெசையாதே கண்ணு! சப்பாத்தியா சுடுறே? சேர்ந்தா போதும்."

காரணம் இருக்கிறது. மைதாவைப் பிசையப் பிசைய அதிலுள்ள பசை இறுகி இழுவை வந்துவிடும். பரோட்டாவுக்கு அது வேண்டும், பிஸ்கட்டுக்கு ஆகாது. வெண்ணெய் மாவை மூடிக்கொண்டு அந்தப் பசையைத் தடுக்கிறது, அதனால்தான் வாயில் போட்டதும் உதிர்கிறது. பெரியவனுக்கு ஏழு வயது, இதைச் சொன்னால் புரிகிறது. சின்னவளுக்கு மாவு என்றாலே குத்த வேண்டும். அவளிடம் உருண்டை பிடிக்கும் வேலையைத் தள்ளிவிட்டோம்.

உருட்டினாள். ஒன்று நெல்லிக்காய் அளவு, ஒன்று பட்டாணி, ஒன்று எலுமிச்சை. முள்கரண்டியால் அழுத்துவது அண்ணன் உரிமை என்று தகராறு. கரண்டி அவனுக்கு, செர்ரி அவளுக்கு என்று ஆயா தீர்ப்புச் சொன்னார். செர்ரியில் பாதி அவள் வாய்க்குள் போனது. பச்சை மாவை மட்டும் தின்ன விடவில்லை, வேகாத மாவு வயிற்றைக் கெடுக்கும்.

இங்கேதான் ஆயாவின் கைவேலை. பிள்ளைகள் செய்ததைத் திருத்தவே இல்லை. பருமன் பார்த்துப் பிரித்து, மெல்லியவை ஒரு ட்ரே, தடித்தவை ஒரு ட்ரே என்று அடுக்கினார். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் மெல்லியது கருகும், தடித்தது நடுவில் வேகாது. அடுக்கிய ட்ரேக்களை ஃப்ரிட்ஜில் இருபது நிமிடம் வைக்க வேண்டும். டர்பன் ஈரக் காற்றில் வெண்ணெய் இளகிவிடுவதால், அப்படியே ஓவனில் தள்ளினால் பிஸ்கட் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு 180 டிகிரியில் மெல்லிய ட்ரே 12 நிமிடம், தடித்தது 15க்கு மேல்.

சிலர் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, அவர்கள் தூங்கிய பிறகு எல்லாவற்றையும் உருட்டித் திரும்பச் செய்வார்கள். அதைவிட அன்றைக்கு டிவி போட்டு உட்கார வைத்துவிடலாம்.

அக்டோபர் 11, சனி

புரட்டாசிக் கடைசி சனி. பெருமாளுக்குப் படையல், சமையலே சரியாக இருந்தது. டின்னைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சீரக பிஸ்கட் குறைந்துகொண்டேதான் வருகிறது. சந்தேகம் வீட்டுக்காரர் மேல்.

அக்டோபர் 15, புதன்

பள்ளி திறந்துவிட்டதால் வேலை எல்லாம் சாயங்காலத்தில். இன்று ரோமனி கிரீம்: கோகோ, தேங்காய்த் துருவல், உருக்கிய சாக்லேட். சட்டையில் பட்ட கறை போகாது.

ஓவனில் வேகும் நேரத்தில் ஆயா பழைய கதை எடுத்தார். பிறந்தது மேகசின் பேரக்ஸில். டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு, பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்க 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தால் அங்கிருந்தவர்களை 1960களில் இந்த சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். "அங்கே ஒத்த ரூம்பு. ஓவனுக்கு எங்கே போக? இங்கே வந்தப்புறம்தான் அம்மா பிஸ்கட் போட்டது," என்றார். பிள்ளைகள் காலம்காலமாக நடப்பதாக நினைக்கும் இந்தப் பிஸ்கட் வேலைக்கு ஆயா வீட்டில் வயது அறுபது சொச்சம்தான்.

சர்க்கரையை அளந்துகொண்டே பெரியவன், "ஆயா, நீங்க எப்போ இந்தியாவுல இருந்து வந்தீங்க?" என்று கேட்டான். "நான் எங்கடா வந்தேன்? என் பாட்டனோட அப்பா வந்தாரு, கரும்பு வெட்ட." இந்திய ஒப்பந்தக் கூலிகளை இங்கே கொண்டுவந்த முதல் கப்பல் ட்ரூரோ, மதராஸிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16இல் டர்பனில் கரை சேர்ந்தது. அவர் வீட்டார் எந்தக் கப்பல் என்று ஆயாவுக்குத் தெரியாது. கையிலிருந்த சர்க்கரைப் பாக்கெட்டை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் ஒன்றும் விளக்கவில்லை.

2023இல் இதே நாட்களில் மின்வெட்டு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாவு கலப்போம். இந்த வருஷம் அந்தத் தலைவலி இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்று தட்டு கொடுக்கும் நாள். இங்கே இது பலகாரத்தைவிடப் பெரிய காரியம். எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பம், மூலைவீட்டுக் கிறிஸ்தவ டீச்சர், சொந்தக்காரர்கள், தெரு முனைக் காவலாளி, எல்லாருக்கும் போகும். அவர்கள் ஈதுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தட்டு அனுப்புவார்கள். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது ஊரிலும் இங்கேயும் ஒரே சட்டம்தான்.

பிள்ளைகள் பிடித்த கோணல் பிஸ்கட்டைத் தட்டில் வைக்கலாமா என்று எனக்குக் கொஞ்சம் தயக்கம். சின்னவள் அதையெல்லாம் மேலேயே அடுக்கிவிட்டாள். எதிர்வீட்டு அம்மா எடுத்ததும் அந்த எலுமிச்சை அளவுக்காரனைத்தான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இங்கே அரசு விடுமுறை கிடையாது. நான் லீவு போட்டேன், பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லியாயிற்று. விடியுமுன் நல்லெண்ணெய்க் குளியல், புதுத்துணி, சாமி.

அம்மா வீடியோவில் வந்தாள். "முறுக்கு சுட்டியாட்டி?" நான் வாயைத் திறக்குமுன் பெரியவன் டின்னைக் கேமரா முன்னால் கவிழ்க்காத குறையாக நீட்டினான்.

"பிஸ்கட்டா? கடையில கிடைக்காதாக்கும்?"

"கடையில இல்ல ஆச்சி. நாங்க போட்டது. இது நான், இது பாப்பா."

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். அப்புறம் அளவு கேட்டாள். அவள் வீட்டில் ஓவன் இல்லை. கனமான சட்டியில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி பத்து நிமிடம் சூடாக்கி, பிஸ்கட் தட்டை உள்ளே வைத்துச் சிறு தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம் விடலாம் என்றேன். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் மாவில் தனியாக உப்பு வேண்டாம் என்றும் சொன்னேன்.

"ஆச்சி, பெசையக் கூடாது!" என்று இவன் நடுவில் கத்தினான்.

"சரிலே. உப்பு எவ்வளவு பரப்பணும்?"

"ஒரு கிலோவாவது வேணும்மா."

"போடுதேன். தூத்துக்குடியில உப்புக்கா பஞ்சம்?"