மிச்சம் எங்கே? – அம்மாவுக்கு வாசித்த நாட்களின் குறிப்புகள்

ஜூலை 27, ஞாயிறு

அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து இன்றோடு ஐந்து நாட்கள் ஆகின்றன. புதிய கண்ணாடிக்கான அளவை எடுக்க இன்னும் ஐந்தாறு வாரங்கள் ஆகும் என்றும், அதுவரை கண்ணை வருத்தி எதையும் படிக்க வேண்டாம் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். நாளுக்கு இரண்டு மணி நேரமாவது எதையாவது படித்தால்தான் உறக்கம் வரும் என்று எழுபது வயதைக் கடந்தும் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு இது சிறிய தண்டனை அன்று. ஆகவே, மாலையில் நான் வாசிப்பது, அவர் கேட்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

எதை வாசிக்கலாம் என்று கேட்டதற்கு, பரண்மேல் இருக்கும் தாத்தாவின் பைண்டு புத்தகங்களை இறக்கச் சொன்னார். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனை வாரவாரம் பிரித்தெடுத்து, தாத்தா கட்டி வைத்த தொகுதிகள் அவை. தாள்கள் தேயிலை நிறத்துக்கு மாறிவிட்டன. ஓரங்கள் தொட்டால் உதிர்கின்றன. மணியம் வரைந்த சித்திரங்களின் கோடுகள் மட்டும் நேற்று வரைந்தவை போல நிற்கின்றன. முதல் தொகுதியை நான் திறக்கப் போனபோது அம்மா தடுத்துவிட்டார். கதை பதினெட்டாம் பெருக்கன்று தொடங்குகிறது, அதற்கு ஒரு வாரந்தான் இருக்கிறது, அன்றைக்கே தொடங்கலாம் என்றார். பதினான்கு வயதில் படித்த கதை எந்த நாளில் தொடங்குகிறது என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு – ஆடி 18

காலையில் கறுப்புக் கண்ணாடியை அணிவித்து அம்மாவை வீராணம் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். கதை தில்லைக்கு மேற்கே இரண்டு காத தூரத்தில் உள்ள ஏரியில் தொடங்குகிறது. சிதம்பரத்துக்காரர்களுக்கு அது அரை நாள் பயணம். முதல் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டு, அவன் பட்டப்பெயரால் வீரநாராயண ஏரி என்று பெயர் பெற்றது இது. கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இதற்குள் வருகிறது. 2004 முதல் இதே தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது.

புளியமரத்தடியில் பாயை விரித்து முதல் அத்தியாயத்தை வாசித்தேன். வந்தியத்தேவன் குதிரைமேல் வருகிறான். எழுபத்து நான்கு கணவாய்கள் வழியே தண்ணீர் பாய்கிறது. குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் கரையில் சித்திரான்னம் உண்கிறார்கள். எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. அம்மா அந்த மணத்தை முகர்ந்துவிட்டு, கல்கி பொய் எழுதவில்லை என்றார். வரலாற்று நாவலைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் பலவற்றைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பயன்பட்டது. மன்னர்களின் ஆட்சியாண்டுகளை எவரும் நூலகத்தில் தேடி எடுத்துவிடலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கூட்டம் ஒன்று பசியோடு சோற்று மூட்டையை அவிழ்ப்பதை நம்ப வைப்பதற்குத்தான் நாவலாசிரியன் தேவைப்படுகிறான்.

ஆகஸ்ட் 9, சனி

ஒரு வாரமாக நாள் தவறாமல் வாசிக்கிறேன். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று நாவலின் கடைசியிலாவது தெளிவாகத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, அதனால்தான் அறுபது ஆண்டுகளாக அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றார் அம்மா. அந்தப் பதில் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரத்தைத் தேடி எடுத்தேன். எங்கள் ஊர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவருடைய அந்நூலின் முதற்பகுதி, கல்கியின் தொடர் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பு, 1949இல் வெளிவந்தது.

அது காட்டும் சான்று, சென்ற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காரில் கடந்துவந்த காட்டுமன்னார்கோயிலிலேயே, உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சுட்டுகிறது. ஆனால், கொலையைப் பற்றிச் சொல்வது அதன் நோக்கம் அன்று. துரோகிகளின் உறவினருடைய நிலங்களைப் பறிமுதல் செய்து விற்ற கணக்கைப் பதிவுசெய்யவே அது வெட்டப்பட்டது. ஓர் இளவரசனின் சாவு நிலக்கணக்கின் நடுவே ஒரு தொடராக ஒதுங்கிக் கிடக்கிறது. அதன் மிச்சம் எங்கே என்று கேட்ட ஒருவர் ஐந்து பாகங்கள் எழுதினார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

‘மிச்சம் எங்கே?’ என்ற கேள்வியைக் காட்டுமன்னார்கோயிலில் முதலில் கேட்டவர் கல்கி அல்லர் என்பது இந்த வாரம் எனக்கு உறைத்தது. நாவலின் தொடக்கத்தில் ஆழ்வார்க்கடியான் அவ்வூர் விண்ணகரக் கோயிலில் பாசுரம் பாடும் இடத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, அது வைணவ ஆசாரியர் நாதமுனிகள் பிறந்த ஊரல்லவா என்று அம்மா இடைமறித்தார். ஆகவே நாவலை இரண்டு நாட்கள் நிறுத்திவிட்டு, வைணவ ஆசாரியர்களின் வரலாற்றைச் சொல்லும் ஆறாயிரப்படி குருபரம்பராப்பிரபாவத்தை எடுத்தோம். வடமொழி விரவிய மணிப்பிரவாள நடை. ஒரு பக்கத்தைக் கடக்க அரை மணி நேரம் ஆனது.

அவ்வூர் மன்னனார் கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள் சிலர் ‘ஆராவமுதே’ என்று தொடங்கும் பாசுரங்களைப் பாட, நாதமுனிகள் அதைக் கேட்டு உருகினார். முடிவில், குருகூர்ச் சடகோபன், அதாவது நம்மாழ்வார், சொன்ன ‘ஓராயிரத்துள் இப்பத்தும்’ என்ற தொடர் வந்தபோது, ஆயிரமும் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, இந்தப் பத்துத்தான் தெரியும் என்றார்கள். அவர் திருக்குருகூர் வரை போனார். அங்கும் ஆயிரம் கிடைக்கவில்லை. மதுரகவியாழ்வாரின் ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ மட்டும் கிடைத்தது. அதைப் பன்னீராயிரம் முறை ஓதினார். நம்மாழ்வார் தோன்றி, ஆயிரத்தோடு, ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களையும் தந்தருளினார் என்பது வைணவ மரபு.

சைவ மரபிலும் இதற்கு இணையான வரலாறு எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. தில்லைக் கோயிலில் பூட்டியிருந்த அறையைத் திறந்து, செல்லரித்த ஏடுகளுக்கிடையே தேவாரத்தை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டதைத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. சிறுவயது முதல் கேட்டுவரும் இந்த இரு கதைகளையும் இதுவரை தெய்வச் செயலாக மட்டுமே எண்ணியிருந்தேன். பத்துப் பாட்டைக் கேட்டவன் ஆயிரத்தைத் தேடிக் கால்நடையாகப் போன ஏக்கத்தை, ஒரு வாசகனாக இப்போதுதான் உணர்கிறேன். ஆன்மிக நூல்களைப் பூசை அறையில் வைத்துவிட்டு மற்ற நூல்களை மட்டும் படித்துக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய இழப்பு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மின்சாரம் இல்லாத இரவு. கைப்பேசி விளக்கில் உதிரும் தாள்களைப் புரட்ட மனம் வரவில்லை. இன்று நான் சொல்கிறேன் என்றார் அம்மா. அவருடைய அம்மா சொன்ன கதையாம்.

ஒரு கிழவி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நால்வரும் அவளை ஏசுகிறார்கள். தன் துக்கத்தைச் சொல்ல ஆளில்லாமல் எல்லாவற்றையும் உள்ளே போட்டுக்கொண்டதில், அவள் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போகிறாள். அதற்கும் கேலி செய்கிறார்கள். ஒருநாள் ஊருக்கு வெளியே கூரையில்லாத ஒரு பாழும் வீட்டுக்குள் போகிறாள். ஒரு சுவரிடம் மூத்த மகனைப் பற்றிச் சொல்கிறாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது, அவள் உடல் சற்று இளைக்கிறது. அடுத்த சுவரிடம் மூத்த மருமகள், அதுவும் விழுகிறது. மூன்றாம் சுவரிடம் இளைய மகனையும் இளைய மருமகளையும் சேர்த்துச் சொல்கிறாள், அதுவும் விழுகிறது. அவ்வளவுதான் தெரியும் என்று அம்மா நிறுத்திக்கொண்டார். நான்காவது சுவர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். நினைவில்லை, தூக்கம் வருகிறது என்றார்.

ஆகஸ்ட் 27, புதன்

நான்காவது சுவர் கிடைத்துவிட்டது. ஏ. கே. ராமானுஜன் 22 இந்திய மொழிகளிலிருந்து தேர்ந்து 1991இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில், தமிழ்க் கதையாகவே அது இருக்கிறது. அதில் நான்கு பேருக்கு நான்கு சுவர்கள். நான்கும் விழுந்தபின், உடலும் மனமும் இலேசாகிக் கிழவி வீடு திரும்புகிறாள். மாலையில் அதைத் தமிழாக்கி அம்மாவுக்குச் சொன்னேன். நன்றாக இருக்கிறது, ஆனால் என் அம்மா சொன்னது இது இல்லை என்றார்.

கூடவே கி. ராஜநாராயணனின் நாட்டுப்புறக் கதைக் களஞ்சியத்தையும் நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தேன். இரு கைகளால் தூக்க வேண்டிய நூல். நாட்டுப்புறக் கதைகளை நூலகத்தில் இலக்கியத்தோடு வைப்பதில்லை. டூயி என்னும் நூலகப் பகுப்பில் 398 என்று சமூக அறிவியலின் கடைசியில் தள்ளிவிடுகிறார்கள். கதை தேடிப் போகிறவன் அந்த வரிசைக்குப் போகவே மாட்டான். நானும் முப்பது ஆண்டுகள் போகவில்லை. கரிசல் பேச்சை நான் வாசிக்க, எங்கள் பக்கத்தில் இப்படிச் சொல்லமாட்டோம் என்று அம்மா சொல்லுக்குச் சொல் திருத்திக்கொண்டே வந்தார். அச்சில் வந்த கதையைத் திருத்த ஒரு வாசகிக்கு உரிமை இருக்கிறது என்பதை வேறு எந்த வகை நூலிலும் நான் கண்டதில்லை.

அடுத்து கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம். 1976இல் வந்த இந்த நாவலில் தெலுங்கு நாட்டிலிருந்து பெயர்ந்து வந்த ஒரு கூட்டத்தின் வரலாற்றை, மிக மூத்த ஒரு பாட்டி, மங்கத்தாயாரு அம்மாள், நினைவிலிருந்து சொல்கிறாள். கல்வெட்டும் செப்பேடும் இல்லாதவர்களின் வரலாற்று நாவல் இப்படித்தான் இருக்க முடியும்.

செப்டம்பர் 5, வெள்ளி

இந்த வாரம் ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிவந்த நாட்குறிப்பு. அதை 1846இல் கண்டெடுத்துப் படியெடுத்தவர் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, இன்னார் இன்னாரிடம் இதைச் சொன்னார் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. அம்மாவுக்கு இரண்டு நாளில் சலித்துவிட்டது. எனக்குச் சலிக்கவில்லை, ஆனால் வாய்விட்டு வாசிப்பதற்கு உரிய நூல் அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதே குறிப்புகளிலிருந்து பிரபஞ்சன் எழுப்பிய மானுடம் வெல்லும் நாவலைத் தொடங்கியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வடலூர் சென்று வந்தோம். 1867இல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. சாப்பிட்டு எழுந்து, அங்கே வாங்கிய சிறு நூலை வேப்பமர நிழலில் வாசித்தேன். மனுமுறை கண்ட வாசகம். 1854இல் வெளிவந்த அவருடைய உரைநடை. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைக்க, மகனைத் தேர்க்காலிலிட்ட சோழனின் கதைதான். அரசனின் கதை, ஊரெல்லாம் சொல்லும் கதை, எழுதியவரோ அருளாளர். நூலகத்தில் எந்த அடுக்கில் வைப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன், விடை தோன்றவில்லை.

அந்த அரசன், தான் என்ன பாவம் செய்தேனோ என்று தன்னையே அடுக்கடுக்காகக் கேட்டுக்கொள்கிறான். ‘நல்லோர் மனத்தை நடுங்கச் செய்தேனோ’ என்று தொடங்கும் அந்த வரிசையை நான் ஒரே மூச்சில் வாசித்துப் போக, மெதுவாகப் படி என்றார் அம்மா. ஒவ்வொரு ‘செய்தேனோ’வுக்கும் நிறுத்தி வாசித்தேன். முடித்தபின் நெடுநேரம் அவர் பேசவில்லை.

வீடு திரும்பும் வழியில், சேத்தியாத்தோப்பைத் தாண்டியபோது, நான்காவது சுவர் எனக்கு மறக்கவில்லை என்றார். மூன்று சுவர்களும் விழுந்தபின், கிழவி நான்காவது சுவரிடமும் மகன்களைப் பற்றியே சொன்னாளாம், சுவர் அசையவில்லை. மருமகள்களைப் பற்றிச் சொன்னாளாம், அசையவில்லை. கடைசியில், தான் மருமகளாக வந்த வீட்டில் தன் மாமியாருக்கு என்ன செய்தாள் என்று சொல்லத் தொடங்கினாள். முதல் சொல்லிலேயே மண் உதிர்ந்ததாம்.

அப்பாவின் அம்மாவை நாங்கள் ஆயா என்று அழைப்போம். கடைசி இரண்டு ஆண்டுகள் ஆயா பின்கட்டு அறையில் படுக்கையாகக் கிடந்தார். அம்மா வண்டியின் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு, ஆயாவைப் பற்றி, வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதுமில்லை.

புதன்கிழமை புதிய கண்ணாடி வருகிறது.